லவான் ஹெக்மனும் மூன்றாவது பெடலும்

லவான் ஹெக்மன் எங்கள் மாவட்டச் சாலைப் பிரிவில் பனி தள்ளும் லாரி ஓட்டினாள். ஓஹையோவில் எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள். சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் அவளை லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இதுல பத்து கியர் இருக்கும்மா, சமாளிச்சிருவியா?" என்று கேட்டார். லவான் ஏறி உட்கார்ந்தாள். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். புறப்பட்ட இடத்துக்கே பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். "சைடு கண்ணாடி அழுக்கா இருக்கு" என்றாள். பிறகு யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

பக்கத்து லாரி என்னுடையது, அவள் வீட்டுக்கு எதிர்வீடும் என்னுடையது. அதனால் இந்தக் கதை எனக்குத் தெரியும். கதையின் கனமான பகுதிகளைத் தூக்கியதும் நான்தான்.

அவள் புருஷன் டெல்மர் தரை விரிப்புக் கடை வைத்திருந்தான். விரிப்பை விற்பதும் அவன், வீடு வீடாகப் போய்த் தரையில் மண்டியிட்டுப் பொருத்துவதும் அவன். நல்ல தொழிலாளி. ஆனால் வாய் ஓயாது. கால்மிதி வாங்கப் போனவர்கள் இரண்டு அறைக்கு விரிப்பு வாங்கிக்கொண்டு திரும்புவார்கள், பேச்சிலிருந்து வெளியே வர வேறு வழி தெரியாமல்.

டெல்மர் கார் ஓட்டும்போது இரண்டு காலையும் பயன்படுத்துவான். வலது கால் ஆக்ஸிலரேட்டரில், இடது கால் பிரேக்கில். ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலுக்கு வேலை கிடையாது. அது சும்மா இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஊரைவிட்டு ஊர் போகும்வரை அவன் வண்டியின் பின்விளக்கு சிவப்பாகவே எரியும். பின்னால் வருகிறவர்கள் இதோ நிறுத்தப் போகிறான், இதோ நிறுத்தப் போகிறான் என்று பயந்துகொண்டே போவார்கள். அவன் நிறுத்த மாட்டான்.

அவர்களிடம் 1968ஆம் வருடத்து டாட்ஜ் கோரோனெட் இருந்தது. கரும்பச்சை. முன்பக்கத்தில் தேவைக்கு மேல் பெரிய இன்ஜின். கல்யாணமான புதிதில், எழுபத்தொன்றில், ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. விற்றவரிடம் அன்று இரண்டு கோரோனெட் நின்றன. ஒன்று கிளட்ச் மிதித்து நாலு கியர் போடுவது, இன்னொன்று ஆட்டோமேட்டிக். லவானுக்கு முதல் வண்டிதான் வேண்டும். டெல்மருக்கு அதை ஓட்டத் தெரியாது. ஆட்டோமேட்டிக்கை வாங்கினார்கள்.

"கல்யாணம்னா விட்டுக்குடுக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க" என்று லவான் ஒருமுறை என்னிடம் சொன்னாள். "நான் ஒரு கியர்பாக்ஸ விட்டுக்குடுத்தேன்."

இருபத்து மூன்று வருடம் கழித்து விவாகரத்து ஆனது. நீதிமன்றத்தில் காரணம் கேட்டபோது, "பேசிக்கிட்டே இருக்கான்" என்றாள் லவான். "பேசவே மாட்டேங்கறா" என்றான் டெல்மர். நீதிபதி கிரேபில் இரண்டையும் ஒப்புக்கொண்டார். வீடு அவளுக்கு, கடையும் மீன்பிடிப் படகும் அவனுக்கு என்று சண்டையில்லாமல் முடிந்தது. கார் என்று வந்ததும் இருவரும் நகரவில்லை. விற்கவும் மாட்டார்கள், விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள். நீதிபதி மாதத்தை இரண்டாக வெட்டினார். முதல் பாதி லவானுக்கு, பிற்பாதி டெல்மருக்கு. டெல்மர் குடிபோன அடுக்குமாடியில் ஷெட் இல்லாததால் கார் லவான் வீட்டிலேயே நிற்கும். காரை ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும், அதன் மதிப்பைக் குறைக்கும் எதையும் யாரும் செய்யக் கூடாது.

இதெல்லாம் இலையுதிர் காலத்தில். பனி விழுந்து நாங்கள் சாலையில் உப்புப் போட ஆரம்பித்துவிட்டால், பழைய கார் வைத்திருக்கும் எவனும் அதை வெளியே எடுக்க மாட்டான். உப்பு தகட்டைத் தின்றுவிடும். டெல்மரும் எடுக்கவில்லை. "ஏப்ரல்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

டிசம்பரில் ஒரு நாள், ஷிஃப்ட் முடிந்து லாரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது லவான் என் பக்கமாக வந்தாள்.

"வெண்டல், உனக்கு முதுகு நல்லா இருக்கா?"

"ஏன்?"

"ஒரு கியர்பாக்ஸ இறக்கணும். அப்புறம் வேற ஒண்ண ஏத்தணும்."

"டெல்மருக்குத் தெரியுமா?"

"ஏப்ரல்ல தெரியும்."

கோபத்தில் செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஷெட்டுக்குள் போன பிறகு அது சரியில்லை என்று பட்டது. சுவரில் ஒரு நாலு கியர் பெட்டி சாய்ந்திருந்தது, எண்ணெய் துடைத்து, போர்வை போர்த்தி. கோபத்தில் வாங்கிய சாமானுக்கு யாரும் போர்வை போர்த்துவதில்லை.

பழைய ஆட்டோமேட்டிக்கை இறக்கினோம். ஜாக்கி மேல் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, வயிற்றிலிருந்த சிவப்பு எண்ணெயை என் சட்டையில் கொட்டியது. மற்றபடி மரியாதையாக இறங்கியது. கிளட்ச் தட்டு, அதை அழுத்தும் தட்டு, கனத்த பிளைவீல் எல்லாம் தயாராக இருந்தன. இல்லாதது பெடல்கள்தான். ஆட்டோமேட்டிக் காரில் இருப்பது அகலமான ஒரே பிரேக் பெடல்; கிளட்ச்சுக்கு இடம் வேண்டுமென்றால் மொத்தச் சட்டத்தையும் கழற்றிவிட்டு வேறு மாட்ட வேண்டும். பக்கத்து மாநிலம் இந்தியானாவில் ஒரு பண்ணையில் அதே வருடத்துக் கிளட்ச் கார் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். கார் இருந்தது. உள்ளே கோழிகள் குடியிருந்தன.

"எடுத்துக்கங்க" என்றார் பண்ணைக்காரர். "ஆனா ஓட்டுற சீட்ல இருக்கறது அடைகாக்குது. அத மட்டும் எழுப்பாதீங்க."

லவான் பக்கத்து சீட் வழியாகப் புகுந்து, கோழிக்குக் கீழே மல்லாந்து படுத்து, ஸ்பானரை மேலே நீட்டி வேலை செய்தாள். கோழி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெடல்கள் வந்தன.

அடுத்து இன்ஜின் முரண்டு பிடித்தது. கியர் பெட்டியிலிருந்து வரும் ஷாஃப்டின் நுனி, இன்ஜின் தண்டின் முனையிலுள்ள ஒரு துளைக்குள் போய் உட்கார வேண்டும். ஆட்டோமேட்டிக்குக்கென்று வந்த இன்ஜினில் அந்தத் துளையை முழுதாகத் தோண்டவில்லை. தோண்ட அவசியம் இருந்திருக்காது. எங்களுக்கு அது பெட்டியை ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. நான் கீழே படுத்து முதுகால் முட்டிக்கொண்டிருந்தேன். பெட்டி ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றுகொண்டது.

"தள்ளு" என்றாள் லவான்.

"தள்ளிக்கிட்டுதான் இருக்கேன்."

"போகலையே."

"எனக்கும் அது தெரியுது."

மறுபடி இறக்கினோம். ஷாஃப்டின் நுனியை அறுத்துக் குட்டையாக்கி, துளைக்குள் பொருந்தும் பித்தளை வளையம் ஒன்று கடைந்து வாங்கி மாட்டி, மறுபடி ஏற்றினோம். இந்த முறை போய் உட்கார்ந்தது. என் முதுகு அதற்கப்புறம் முன்போல உட்காரவில்லை.

கடைசியில் மிச்சமிருந்தது தரையை வெட்டுவது. கியர் ராடு மேலே வர, காரின் தரைத் தகட்டில் ஓட்டை போட்டு, அதன் மேல் ஒரு மேடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதுவரை செய்த எதையும் திரும்ப மாற்றிவிடலாம். இதை மாற்ற முடியாது. தகட்டுக்கு மேல் கறுப்பு விரிப்பு இருந்தது. டெல்மர் தன் கையால் வெட்டி, ஓரம் தைத்துப் போட்டது. ஒரு சுருக்கம் இருக்காது.

லவான் ரம்பத்தோடு குனிந்து விரிப்பைப் பார்த்தாள்.

"நல்லாதான் போட்டிருக்கான்" என்றாள். பிறகு வெட்டினாள்.

ஏப்ரல் பதினாறாம் தேதி டெல்மர் வந்தான். கார் கதவைத் திறக்கும்போதே அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரன் டிரம் வாசிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். உட்கார்ந்தான். பேச்சு நின்றது. எதிர்வீட்டு வாசலில் நின்ற எனக்கே அது விநோதமாக இருந்தது.

"லவான், இங்க மூணு இருக்கு."

"ஆமா."

"இடது பக்கம் இருக்கறது என்ன?"

"கிளட்ச்."

அவன் குனிந்து பார்த்தான். நடுவில் நின்ற கியர் ராடைப் பார்த்தான். அதைச் சுற்றி வெட்டியிருந்த விரிப்பை விரலால் தடவினான். "ஓரம் தைக்காம விட்டிருக்க. நூல் பிரிஞ்சு வருது பாரு" என்றான். பிறகு இறங்கி, தான் வந்த காரில் ஏறி, இரண்டு காலாலும் ஓட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனான்.

வழக்கு மே மாதம் வந்தது. மதிப்பைக் குறைத்துவிட்டாள் என்பது டெல்மரின் புகார். நீதிபதி கிரேபில் வாகன மதிப்பீட்டாளர் ஒருவரை வரவழைத்திருந்தார். அவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த இன்ஜினோடு நாலு கியர் என்றால் வாங்குகிறவர்கள் கூடுதலாகத்தான் கொடுப்பார்கள் என்றார். நீதிபதி தானே பார்க்க வேண்டும் என்று சொல்லி, அங்கியோடு வாகன நிறுத்துமிடத்துக்கு இறங்கிவந்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கம்மா."

லவான் ஸ்டார்ட் செய்தாள். நீதிமன்ற ஜன்னல்கள் அதிர்ந்தன. நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் கொஞ்சம் முடுக்கினாள். அது விசாரணைக்குத் தேவைப்பட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

மேலே போய்த் தீர்ப்புச் சொன்னார்: கார் ஓடுகிறது. மதிப்பு ஏறியிருக்கிறது. உரிமையாளர்களில் ஒருவருக்கு அதை ஓட்டத் தெரியாதது காரின் குறை அல்ல.

"அப்ப என் நாளுங்க என்னாகும் ஐயா?" என்று டெல்மர் கேட்டான்.

"உங்க நாள் உங்க நாள்தான். யாரும் தடுக்க முடியாது."

டெல்மர் இந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டான். மே பிற்பாதி முழுக்கத் தினமும் மதியம் வந்தான். லவான் வீட்டு முன்வழியில் நிற்கும் காரில் ஏறி உட்கார்ந்தான். ரேடியோ போட்டான். பேஸ்பால் வர்ணனை கேட்டான். பொட்டலத்தைப் பிரித்து இறைச்சி வைத்த ரொட்டி தின்றான். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் இறங்கிக் கடைக்குப் போனான். கார் அவனுடைய நாளில் அவனுடையது. அதில் உட்காரக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. லவான் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அந்த ஒரு பக்கத்துப் புல் அந்த மாதம் மிகக் குட்டையாக இருந்தது.

ஜூனில் அவன் சாவியைத் திருகினான்.

அன்று எனக்கு விடுமுறை, அதனால் முழுவதையும் பார்த்தேன். கார் ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தான். மறுபடி துள்ளியது. தவளை மாதிரி முன்வழியில் தாவித் தாவித் தெருவரைக்கும் வந்தது. தெருவுக்கு வந்ததும் எப்படியோ முதல் கியர் பிடித்துக்கொண்டது. கார் ஓட ஆரம்பித்தது. டெல்மர் பயந்து இடது காலால் ஓங்கி மிதித்தான், அவனுடைய பழக்கத்தில் அங்கேதான் பிரேக் இருக்க வேண்டும். அங்கே கிளட்ச் இருந்தது. வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்கவும் இல்லை. இன்ஜின் அலறியது, கார் தன்பாட்டுக்கு உருண்டு போய், லவானுடைய தபால் பெட்டியைச் சாய்த்து, ஹைட்ராஞ்சியா பூப்புதருக்குள் நின்றது.

லவான் வெளியே வந்தாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து ஓடினேன். அவள் முதலில் பம்பரைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகு டெல்மரைப் பார்த்தாள். அவன் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூஞ்சி சுண்ணாம்பாக வெளுத்து உட்கார்ந்திருந்தான்.

"அடிபட்டுச்சா?"

"இல்ல."

"எதுக்குடா உனக்கு இந்த வேல? போய் ஒரு டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கக் கூடாதா?"

"கேட்டேன். அங்கயும் எல்லாம் ஆட்டோமேட்டிக்குதான்."

அவள் உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் காரைச் சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். அதில் அவள் உட்கார்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அந்த எடது கால் ஷூவக் கழட்டு" என்றாள்.

"எதுக்கு?"

"கழட்டுன்னா கழட்டு."

கழற்றினான். காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது.

"மிதி. முழுசா. ரிவர்ஸ் கியர் போடு. இப்ப மெதுவா விடு. மெதுவாங்கறேன்! எங்கயோ ஒரு எடத்துல பிடிக்கும், அது காலுக்குத் தெரியணும்."

"என்ன தெரியணும்? எப்பிடித் தெரியும்? இப்ப பாரு, எங்க மேல்வீட்டுக்காரன்கூட அன்னிக்குச் சொன்னான், அவன் அண்ணன் ராணுவத்துல..."

"டெல்மர். விரிப்ப இழுத்து இழுத்து ஓரத்து ஆணிக் கட்டையில மாட்டுவியே, அப்ப எங்க பிடிக்குதுன்னு உனக்கு எப்பிடித் தெரியுது?"

டெல்மர் யோசித்தான். "கையில ஒரு கடி கடிக்கும்."

"அதேதான். அந்தக் கடி இப்ப கால்ல வரும். வந்ததும் அங்கயே நில்லு. பேசாத."

டெல்மர் பேசவில்லை. காலை மெல்ல விட்டான். கார் ஒரு முறை சிலிர்த்தது. புதரிலிருந்து பின்பக்கமாக, ஒரு துள்ளல் இல்லாமல், வெளியே வந்தது.

தெருவில் மேலும் கீழுமாகப் போய்வந்தார்கள். முதல், இரண்டு, நிறுத்து. முதல், இரண்டு, நிறுத்து. கியர்ப் பல் நறநறக்கும் சத்தம் வரும்போதெல்லாம் லவானின் தோள் குலுங்குவது பின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மறுநாள் லாரி முற்றத்தில் என்னிடம் அவளே ஆரம்பித்தாள், வழக்கமில்லாத வழக்கமாக.

"ரெண்டு கையும் ரெண்டு காலும் வேலையா இருந்தா அந்தாளுக்குப் பேச வர்றதில்ல, வெண்டல்."

"சரி."

"கால் மணி நேரம் வாயே தெறக்கல. இருவத்து மூணு வருஷம் நான் தப்பான காரு வச்சிருந்திருக்கேன்."

ஜூலையில் அவன் தனியாக ஓட்ட ஆரம்பித்தான். ஏற்றத்தில் நின்று கிளம்புவது மட்டும் வராது. அதனால் ஏற்றத்தில் சிக்னல் இல்லாத தெருக்களாகப் பார்த்துச் சுற்றிப் போனான். கடைக்குப் போகப் பழைய வழியைவிட இரண்டு மடங்கு தூரம். அவன் அதைப் பற்றிக் குறைப்படவில்லை.

ஆகஸ்டில் மாவட்டத் திருவிழா ஊர்வலம். பழைய கார்கள் எல்லாம் வரிசையாகப் போகும். தேதி பிற்பாதியில் விழுந்தது, அதனால் டெல்மர் பெயர் கொடுத்துவிட்டான். ஊர்வலம் நடைவேகத்தில் போகும். நாலு கியர் காருக்கு அதைவிடத் தொல்லை கிடையாது: முதல் கியரிலேயே கார் மனிதரைவிட வேகமாகப் போகும், அதனால் கிளட்ச்சை அரைகுறையாக மிதித்தபடியே போக வேண்டும். அந்த கிளட்ச்சோ கல் மாதிரி. சாலைப் பிரிவின் லாரி அவனுக்கு நேர் பின்னால். லவான் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைகளுக்கு மிட்டாய் எறிந்தேன்.

பாதி வழியில், வங்கி முன்னால், கோரோனெட் நடுங்க ஆரம்பித்தது. சின்னச் சின்னத் துள்ளல்.

"கால் போயிருச்சு" என்றாள் லவான். "இந்தா, பிடி." லாரியை நிறுத்திவிட்டு அவள் இறங்கிப் போனாள். நான் ஓட்டும் சீட்டுக்கு நகர்ந்து, கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினேன்.

டெல்மரின் இடது தொடை தையல் மெஷின் மாதிரி ஆடுவது லவானுக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்ததாம். அவன் முகமெல்லாம் வியர்வை. நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு நீதிபதி கிரேபில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"நீ ஓட்டு லவான்" என்றான். "நான் எறங்கிக்கறேன். எல்லாரும் பாக்கறாங்க, பரவால்ல."

இருபத்து மூன்று வருடம் அவள் காத்திருந்த வார்த்தை அது. காரும் அவள் விரும்பிய கார். தெருவில் ஊரே நின்றது.

"நியூட்ரல்ல போடு" என்றாள். "கால எடு. ரெண்டு காலயும் எடு."

"முன்னாடி இருக்கறவன் போயிட்டான் பாரு."

"போகட்டும். எடைவெளி விடு. நல்லாப் பெருசா விடு. அப்புறம் ஒரே மூச்சுல போய்ப் பிடி, நியூட்ரல் போட்டு நில்லு, மறுபடி விடு. மெதுவாப் போகத்தான் கால் வேணும், நிக்கறதுக்கு வேணாம்."

"பின்னாடி பேண்டு வாத்தியக்காரன் கத்துவான்."

"கத்தட்டும். நான் லாரியில பின்னாடி இருக்கேன். உன்னத் தாண்டி எவனும் வர முடியாது."

அவள் திரும்பி வந்து ஏறி, என்னைப் பழைய சீட்டுக்குத் தள்ளிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். அதற்குப் பிறகு ஊர்வலம் விட்டு விட்டுப் போனது. டெல்மர் நிற்பான், முன்னால் தெரு காலியாகும், கூட்டம் ஓவென்று கத்தும், அவன் உறுமிக்கொண்டு ஒரு ஓட்டம் ஓடி மறுபடி நிற்பான். வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்து மக்கள் கைதட்டினார்கள். நீதிபதி எழுந்து நின்று தட்டினார். பின்னால் குதிரைக்காரர்கள், அடிக்க ஹாரன் இல்லாததால், லவானைப் பார்த்து வாயால் கத்தினார்கள். அவள் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

டெல்மருக்கு அந்த வருடம் ஒரு கோப்பை கிடைத்தது. என்ன பிரிவு என்று அதில் எழுதவில்லை.

அவர்கள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் நிறையப் பேர் எதிர்பார்த்தார்கள், என் மனைவி உள்பட. லவானிடம் நேராகவே கேட்டும் பார்த்தாள். "எதுக்கு?" என்றாள் லவான். மாதத்தின் இரண்டு பாதிகளும் தீர்ப்புப்படியே நடந்தன. சில ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அவனுடைய பாதியில், அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கோடையில் ஒருவன் கற்றுக்கொண்டால் ஒரு கிளட்ச் தட்டு தேய்ந்துபோகும். அடுத்த குளிர்காலத்தில் அதை மாற்ற வேண்டியிருந்தது. மறுபடி பெட்டியை இறக்கி ஏற்ற வேண்டும். நான் முதுகுக்கு ஒரு பட்டை வாங்கி வைத்துக்கொண்டு, லவான் எப்போது கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். ஜனவரி போனது. பிப்ரவரியில் பொறுக்கமாட்டாமல் நானே கேட்டேன்.

"மாத்தியாச்சே" என்றாள்.

"தனியாவா? பெட்டிய யாரு தூக்கினா?"

"ஆள் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் உப்பு ஏற்றப் போனாள்.